தங்கத் தாத்தா

எதுகை எங்கே, மோனை எங்கே என்று கேட்டுக் கேட்டே எம்முட் பலருக்குச் செய்யுள் கசந்து போயிற்று. நாம் பயின்ற மிஷன் பாடசாலையில் மேல்வகுப்பை அடைந்தபோது, பாட்டை ஒருமுறையேனும் ஓசையோடு படித்துக் காட்டுமுன் அதன் இரண்டாமெழுத்துக்களின் கீழே கோடு போடுவித்தார்கள். ஆனால் அதே பாடசாலையின் பாலர் வகுப்பிலே சைவப் பிள்ளைகளும் கிறிஸ்தவப் பிள்ளைகளும் ஒன்றாய்க் கைகொட்டிப் பாடிய ‘ஆடிப்பிறப்பு’ இன்றும் எம் நாவில் இருக்கின்றது. அதனை ஆக்கியவர் நவாலியூர் சோமசுந்தரப் புலவர்.

யாழ்ப்பாணத்து நவாலியிலே 1878ஆம் ஆண்டு கதிர்காமருக்கும் இலக்குமிப்பிள்ளைக்கும் மகனாய்ப் பிறந்த புலவர், வட்டுக்கோட்டையில் இந்து ஆங்கிலப் பாடசாலையில் 40 ஆண்டளவு ஆசிரியராய் இருந்தார். அட்டகிரி முருகனைப் பாடினார். பனையின் பெருமையைத் ‘தால விலாசம்’ என நூலாக்கினார். ‘உயிரிளங்குமரன்’ என்னும் நாடகமும் எழுதினார். புதல்வர் இளமுருகனாரும் வேலாயுதபிள்ளையும் தந்தை வழியிற் புலவர்களாயினர்.

அவர் அணியிலக்கணம் அறியாத எளிய பாட்டுக்காரர் என்று யாரும் எண்ணிவிடலாகாது. கதிர்காமத்தின்மேல் ‘கதிரைச் சிலேடை வெண்பா’ பாடியவர் அவர். (நூலின் பெயரைக் கேட்ட சிறுவயதில், நாம் இருக்கும் கதிரையைத்தான் பாடினார் என்று எண்ணினோம்! அதுவும் ஒரு சிலேடைதானே.) ஒரே சொற்றொடர் இருவேறு பொருள் தந்து தலத்தின் வளம் கூற, எஞ்சிய அடிகள் இறைவனைச் சார, வெண்டளையும் பிழையாது நிற்கவேண்டும். அது கற்றோரே வியக்கும் கடுந்தொழில்.

அத்தொழில் வல்லவர் பிள்ளைகளிடம் வந்தபோது யாது செய்தார்? ‘கத்தரித்தோட்டத்து வெருளி’யைப் பாருங்கள். தோட்டத்து நடுவே கூலியும் வாங்காமல் நிற்கும் காவற்காரனாக வெருளியை எண்ணி, அவனோடு நேருக்கு நேர் பேசுகிறார். உயிரில்லாததை உயிருள்ளதாக்கிப் பாடும் உத்தி இதுவென்று பிள்ளைக்குச் சொல்லவேண்டியதில்லை; அது தானே வெருளியோடு பேசத் தொடங்கிவிடும். பெயரைப் பத்து வயதிற் சொன்னாற் போதும். ‘ஆடிப்பிறப்’பிலோ பயறு வறுப்பதும், மா இடிப்பதும், தேங்காய் துருவுவதும், கூழுக்குப் பனங்கட்டி போடுவதும் அடுக்களையில் நடக்கும் ஒழுங்கிலேயே வருகின்றன. வாசிப்பில் முந்தின பிள்ளை பொருளைப் பிடிக்கும். பிந்தின பிள்ளை தாளத்தைப் பிடிக்கும். கூழ் குடித்தறியாத பிள்ளைக்கும் நாவூறும். எதுகையும் மோனையும் அங்கே நிறைய உண்டு. அவற்றைத் தேடச் சொல்லாமலே காதில் ஏற்றிவிட்டார் என்பதுதான் எமக்கு வியப்பு. எமது மேல்வகுப்பிலும் கோடு போடுமுன் இவ்வண்ணம் பாடவிட்டிருந்தால், செய்யுட் பாடவேளையில் யன்னலைப் பார்த்திருந்த எம் தோழர் சிலராவது புத்தகத்தைப் பார்த்திருப்பர்.

1953 ஜூலை 10ஆம் நாள், ஆடிப்பிறப்புக்கு ஒரு வாரமளவே இருக்க, புலவர் மறைந்தார். பிள்ளைப்பாட்டுக்களைக் கொண்ட ‘சிறுவர் செந்தமிழ்’ 1955இலேயே நூலாய் வெளிவந்தது. பாலர் வகுப்புக்களில் அப்பாட்டுக்கள் அதற்கு முன்பே மனப்பாடமாகியிருந்தன.