பறவையின் காலில் ஒரு வளையம்

1957-இல் அன்றைய மைசூர் மாநிலத்தின் சிமோகா மாவட்டக் காடுகளில் குரங்குகள் அடுத்தடுத்து மடிந்தன. மனிதர்களையும் காய்ச்சல் தாக்கியது. கியாசனூர் காட்டு நோய் எனப் பெயர் பெற்ற அதன் தீநுண்மி, ரஷியாவில் உண்ணிகள் பரப்பும் நோய்க்கிருமிகளுக்கு நெருங்கிய உறவுடையது. வலசைப் பறவைகள் அந்த உண்ணிகளைச் சுமந்து வந்திருக்குமோ என்ற ஐயம் எழுந்தது. அதை ஆராயும் பொறுப்பை ஏற்றவர் பறவையியலாளர் சாலிம் அலி.

1896-இல் மும்பையில் பிறந்த அவர், மூன்று வயதுக்குள் பெற்றோரை இழந்து, தாய்மாமன் வீட்டில் வளர்ந்தார். சிறுவயதில் சுட்டு வீழ்த்திய குருவியின் கழுத்திலிருந்த மஞ்சள் திட்டு, அவரை பம்பாய் இயற்கை வரலாற்றுச் சங்கத்துக்கு அழைத்துச் சென்றது. பல்கலைக்கழகப் பட்டம் இல்லாததால் அரசுப் பறவையியல் பணி கிடைக்கவில்லை. ஆயினும், இந்தியப் பறவைகள் குறித்து 1941-இல் அவர் வெளியிட்ட நூல் அத்துறையின் அடிப்படை நூலாயிற்று.

கியாசனூர் ஐயத்தை முன்னிட்டு உலக சுகாதார அமைப்பு நிதி வழங்க, பறவைகளைப் பிடித்து வளையமிட்டு விடுவிக்கும் பணி விரிவடைந்தது. பரத்பூரிலும் பின்னர் நமது கோடியக்கரையிலும் வலைகள் விரிக்கப்பட்டன. பறவைகள் மீதான குற்றச்சாட்டு மெய்ப்பிக்கப்படவில்லை. ஆனால், எந்தப் பறவை எங்கிருந்து வருகிறது என்ற அறிவு நாட்டின் சொத்தாக எஞ்சியது.

பிற்காலத்தில் அமெரிக்க ராணுவத்தின் ஆய்வு அமைப்பிலிருந்து நிதி வந்ததால், எழுபதுகளில் நாடாளுமன்றம் வரை சர்ச்சை எழுந்தது. தேசத்துக்குத் தேவையான கண்காணிப்புக்கு தேசம் செலவிடாவிட்டால், பிறர் செலவிடுவர், ஐயமும் உடன்வரும்.

சாலிம் அலி 1987-இல் மறைந்தார். 2005-இல் சீனாவின் சிங்காய் ஏரியில் பறவைக் காய்ச்சலால் வரித்தலை வாத்துகள் பெருமளவில் மடிந்தன. 2020-21 குளிர்காலத்தில் இமாசலப் பிரதேசத்தின் பாங் நீர்த்தேக்கத்திலும் அதே துயரம் நிகழ்ந்தது. நெல்லை மாவட்டத்தின் கூந்தன்குளத்துக்கு ஆண்டுதோறும் வருவதும் இதே வாத்துதான்.

இறந்த பறவைகளின் மாதிரிகள் போபால் ஆய்வகத்தில் பரிசோதிக்கப்படுகின்றன. ஆனால், பறவைகள் இறந்த பிறகு தொடங்குவது கண்காணிப்பு ஆகாது. உயிருள்ள பறவைகளின் எச்சத்தையும் சளி மாதிரியையும் ஆண்டுதோறும் சோதிக்க வேண்டும்; வலசைப் பாதைகளையும் அறிந்திருக்க வேண்டும். இதற்கான செலவு ஒவ்வொரு நிதிநிலை அறிக்கையிலும் கண்ணுக்குத் தெரியும். அதன் பயனோ நிகழாமற்போன பேரிடர். அது எந்தக் கணக்கேட்டிலும் தெரியாது. அதனால்தான் இத்தகைய பணியைச் சந்தையிடம் விட முடியாது.

பறவையைக் குற்றவாளியாக்காமல் அதனிடமிருந்தே உண்மையை அறிய முயன்றவர் சாலிம் அலி. அம்முயற்சி தடைபடாமல் தொடரப் பொது நிதி ஒதுக்குவதே அவருக்குச் செய்யும் மரியாதை.