வேலை தேடி வந்த எழுத்தாளர்

இரண்டு உலகப் போர்களுக்கு இடைப்பட்ட காலத்தில் தமிழில் இதழ்கள் பெருகின. எனினும், இதழ்ப்பணியை மட்டுமே நம்பிக் குடும்பம் நடத்துவது அன்று எளிதன்று. அந்த அரிய வழியில் துணிந்து இறங்கியவர் சொ. விருத்தாசலம். புதுமைப்பித்தன் என்னும் புனைபெயரால் தமிழுலகம் அவரை அறியும்.

இவர் 1906ஆம் ஆண்டு ஏப்ரல் 25ஆம் நாள் திருப்பாதிரிப்புலியூரில் பிறந்தார். தந்தை சொக்கலிங்கம், தாசில்தாராகப் பணியாற்றியவர். திருநெல்வேலி இந்துக் கல்லூரியில் பயின்ற விருத்தாசலம், 1931இல் இளங்கலைப் பட்டம் பெற்றார். உலகெங்கும் பொருளாதார மந்தம் சூழ்ந்திருந்த காலம் அது. தந்தை விரும்பிய அரசுப்பணி மகனுக்கு வாய்க்கவில்லை. 1932இல் கமலாவை மணந்தபின், வருவாய் தேட வேண்டிய பொறுப்பும் சேர்ந்தது. எழுத்தையே தொழிலாகக் கொள்ள எண்ணிச் சென்னைக்குப் புறப்பட்டார்.

டி.எஸ். சொக்கலிங்கம் நடத்திய ‘காந்தி’ இதழில் 1933இல் எழுதத் தொடங்கினார். அடுத்த ஆண்டு ‘மணிக்கொடி’யில் வெளிவந்த சிறுகதைகள் அவருக்குப் பெயர் தேடித் தந்தன. ஆனால், அவ்விதழே பொருள் நெருக்கடியில் தத்தளித்தது. பின்னர்க் காரைக்குடி ‘ஊழிய’னில் சில காலம் பணிபுரிந்தார், அங்கும் நிலைக்கவில்லை. இறுதியில், சொக்கலிங்கம் ஆசிரியராக இருந்த ‘தினமணி’ நாளிதழில் உதவியாசிரியர் பணி கிடைத்தது.

ஆங்கிலத்தில் வரும் செய்திகளை நாள்தோறும் விரைந்து தமிழாக்கும் பணி அது. அப்பணிக்கிடையே கதைகளையும் மொழிபெயர்ப்புகளையும் எழுதினார். வறுமையில் உழலும் ஓர் எழுத்தாளரின் அன்றாடத்தை ‘ஒரு நாள் கழிந்தது’ என்னும் கதையில் நகைச்சுவை இழையோடக் காட்டினார். அந்த நகைப்பின் அடியில் அவர் நன்கறிந்த துயரம் இருந்தது.

1943இல் நிருவாகத்துடன் ஏற்பட்ட கருத்து வேறுபாட்டால் சொக்கலிங்கம் தினமணியிலிருந்து விலகினார். அரிதில் கிடைத்த வேலையைப் பற்றிக்கொண்டிராமல் புதுமைப்பித்தனும் உடன் வெளியேறினார். பின்னர்ச் சொக்கலிங்கம் தொடங்கிய ‘தினசரி’யில் பணியாற்றினார். அதன்பின் திரைப்படத் துறைக்குச் சென்றார். படவேலைக்காகப் புனேயில் தங்கியிருந்தபோது காசநோய் முற்றியது. 1948ஆம் ஆண்டு திருவனந்தபுரத்தில் காலமானார். அப்போது அவருக்கு வயது 42.

அவருடைய எழுத்து வாழ்க்கை பதினைந்து ஆண்டுகளே நீடித்தது. அதற்குள் ஏறத்தாழ நூறு சிறுகதைகளைப் படைத்தார். தமிழக அரசு 2002இல் அவருடைய நூல்களை நாட்டுடைமையாக்கியது. வாழ்நாள் முழுதும் நிலையான வருவாயின்றி அவர் எழுதிய கதைகள், இன்று எவரும் அச்சிட்டுப் படிக்கத்தக்க பொதுச்சொத்தாக உள்ளன.