மேட்டை வென்ற வெலோசியோ

சைக்கிளில் மேடு ஏறியிருக்கிறீர்களா? சாதாரண ஆற்றுப்பாலம் ஏறுவதற்குள்ளேயே மூச்சு வாங்கிவிடுகிறது. பாதி வழியில் இறங்கித் தள்ளிக்கொண்டு போகிறோம். பின்னால் அரிசி மூட்டையோ பிள்ளையோ இருந்துவிட்டால் கேட்கவே வேண்டாம்.

அப்படி இறங்கித் தள்ள அவசியமே இல்லை என்று வாழ்நாள் முழுவதும் சொல்லி வந்தார் ஒருவர். அதற்காகக் கேலியையும் தாங்கினார். அவர் பிரான்சு நாட்டைச் சேர்ந்தவர். பெயர் பால் தெ விவி. சைக்கிள் உலகத்தில் அவருடைய புனைபெயர்தான் பிரசித்தம். அது “வெலோசியோ”.

பட்டு வியாபாரி

1853-ஆம் ஆண்டில், தெற்குப் பிரான்சில் பெர்ன் என்ற சிற்றூரில் பிறந்தார். வளர்ந்ததும் செயின்ட் எத்தியேன் நகரில் பட்டு வியாபாரம் செய்தார். அந்த நகரம் நிலக்கரிக்கும், துப்பாக்கிக்கும், பட்டு நாடாவுக்கும் பேர்போனது. ஊரைச் சுற்றி மலைகள். எந்தப் பக்கம் போனாலும் மேடுதான்.

1881-ல் அவர் முதல் சைக்கிள் வாங்கினார். அந்தக் காலத்துச் சைக்கிளுக்கு முன் சக்கரம் ஆள் உயரம். பின் சக்கரம் சின்னஞ்சிறியது. அதில் ஏறி உட்காருவதே ஒரு வித்தை! அவருக்கு அந்த வண்டி பிடித்துப் போயிற்று.

பட்டு வியாபார நிமித்தம் இங்கிலாந்திலுள்ள கவென்ட்ரி நகருக்குப் போய் வந்தார். அங்கேதான் புதுவிதச் சைக்கிள்கள் தயாராகி வந்தன. பட்டு வாங்கப் போனவரின் கண் சைக்கிள் பட்டறைப் பக்கமே போயிற்று. 1887-ல் பட்டு வியாபாரத்தை விட்டார். சைக்கிள் கடை வைத்தார். சைக்கிளுக்கென்றே ஒரு பத்திரிகையும் தொடங்கினார். லாபம் வரும் தொழிலை விட்டுவிட்டு 34 வயதில் இப்படி ஒரு காரியம்! நம் வீட்டில் யாராவது செய்தால் சும்மா விடுவோமா?

புகை பிடித்த வாலிபர்

ஊருக்கு வெளியே ஒரு கணவாய் உண்டு. கடல் மட்டத்துக்கு மேல் 1,161 மீட்டர் உயரம். காட்டு வழியாக அதில் ஏறுவது வெலோசியோவின் வழக்கம். ஒரு நாள் அவர் வியர்க்க விறுவிறுக்க ஏறிக்கொண்டிருந்தபோது ஒரு வாலிபர் அவரைத் தாண்டிப் போனாராம். வாயில் புகைக் குழாய் வேறு! அவருக்குச் சிரமமே தெரியவில்லை.

வெலோசியோவுக்கு ரோஷம் வந்தது. அதைவிட யோசனை அதிகம் வந்தது. இந்த வேற்றுமை காலின் பலத்தாலா? இல்லை, பல்சக்கரத்தின் அளவால் என்று கண்டுகொண்டார்.

கணக்கு எளியதுதான். பெடல் பக்கத்துச் சக்கரத்தில் 48 பல், பின்னால் 16 பல் என்று வையுங்கள். பெடல் ஒரு சுற்று சுற்றினால் பின் சக்கரம் மூன்று சுற்று சுற்றும். வண்டி ஏறக்குறைய ஆறு மீட்டர் ஓடும். சமதரையில் இது சுகம். மேட்டில் கால் கழன்றுவிடும். இரண்டிலும் 32 பல் இருந்தாலோ, ஒரு மிதிக்கு வண்டி இரண்டு மீட்டர்தான் நகரும். மேட்டில் சுலபமாக ஏறலாம். ஆனால் சமதரையில் காலைப் படபடவென்று சுற்றிக்கொண்டே இருக்க வேண்டும்.

கிணற்றில் பெரிய வாளியைச் சிறுவனிடம் கொடுத்தால் இழுக்க முடியுமா? சின்ன வாளியைக் கொடுத்தால் பல தடவையில் தொட்டியை நிரப்பிவிடுவான். நீர் அதே நீர்தான். கியர் என்பதும் இதுதான்.

ஆக, ஒரே அளவுப் பல்சக்கரம் உள்ள வண்டி மேட்டுக்கு ஆகும், அல்லது தரைக்கு ஆகும். இரண்டுக்கும் ஆகாது. அப்படியானால் ஒரே வண்டியில் இரண்டு மூன்று அளவுகளை வைத்தால் என்ன? முதலில் முன்னால் இரண்டு பல்சக்கரங்களைப் பொருத்தினார். மேடு வந்தால் இறங்கி, சங்கிலியைக் கையால் எடுத்து மாற்றிப் போட வேண்டும். கையெல்லாம் எண்ணெய்க் கறை. பிறகு, ஓட்டிக்கொண்டே சங்கிலியைப் பக்கத்துப் பல்சக்கரத்துக்குத் தள்ளும் பொறிகள் வந்தன. அவற்றை மலைப் பாதைகளில் ஓட்டிச் சோதித்து, குறை நிறைகளைத் தம் பத்திரிகையில் எழுதி வந்தார்.

எதிர்ப்பு

இதை எல்லாரும் வரவேற்றார்களா? இல்லை! பிரான்சில் பெரிய விளையாட்டுப் பத்திரிகை ஒன்றின் ஆசிரியர் ஹென்றி தெகிராஞ். அவருக்குக் கியர் என்றாலே பிடிக்காது. 45 வயது கடந்தவர்களுக்கு வேண்டுமானால் அது உதவும், வாலிபர்கள் தசை பலத்தால் ஜெயிப்பதே அழகு என்பது அவர் கட்சி.

1902-ல் டூர்மலே என்ற மலைப் பகுதியில் ஒரு சோதனை ஓட்டம் நடந்தது. மூன்று கியர் வண்டியில் மார்த் ஹெஸ் என்ற பெண்மணி ஏறினார். கால் தரையில் படாமல் ஏறி முடித்தார் என்று பத்திரிகைகள் புகழ்ந்தன. தெகிராஞ் அசையவில்லை.

அடுத்த ஆண்டு, 1903-ல், அவர் தொடங்கியதுதான் புகழ்பெற்ற டூர் டி பிரான்ஸ் பந்தயம். அதன் பாதை வெலோசியோ நாள்தோறும் பார்த்த அதே கணவாய் வழியாகவே போயிற்று. வீரர்கள் கியர் இல்லாத வண்டியில் ஏறினார்கள். பின்னாளில் பின் சக்கரத்தின் இரு பக்கமும் வேறு வேறு அளவுப் பல்சக்கரம் வைத்துக்கொண்டார்கள். மேடு வந்தால் இறங்கிச் சக்கரத்தைக் கழற்றித் திருப்பிப் போட வேண்டும். மழையில், குளிரில், விறைத்த விரலால்! இதுவா வீரம்?

எளிய வாழ்க்கை

வெலோசியோ புலால் உண்ணாதவர். வண்டி ஓட்டும்போது மதுவும் புகையிலையும் கூடாது என்பார். பசி வருமுன் சாப்பிட வேண்டும், தாகம் வருமுன் குடிக்க வேண்டும், வீம்புக்காக ஓட்டக் கூடாது என்று சீடர்களுக்குப் புத்தி சொன்னார். எஸ்பெராண்டோ என்ற பொது மொழியிலும் அவருக்கு ஆர்வம். இரவெல்லாம் ஓட்டி விடியலில் வேறொரு ஊரில் இருப்பது அவருக்குச் சாதாரணம். எழுபது வயதுக்கு மேலும் சைக்கிளை விடவில்லை.

1930 பிப்ரவரியில் ஒரு நாள், செயின்ட் எத்தியேன் தெருவில் வண்டியைக் கையில் பிடித்தபடி போய்க்கொண்டிருந்தார். ஒரு மோட்டாருக்கு ஒதுங்கிப் பின்வாங்கினார். டிராம் வண்டி மோதிவிட்டது. 76 வயதில் காலமானார். எத்தனையோ மலைச் சரிவுகளில் பிழைத்தவர், தம் ஊர்த் தெருவிலே போய்ச் சேர்ந்தார்.

டூர் டி பிரான்ஸ் பந்தயத்தில் கியர் மாற்றும் பொறிக்கு அனுமதி கிடைத்தது 1937-ல்தான். அவர் போய் ஏழு ஆண்டு ஆகிவிட்டிருந்தது. அவ்வாண்டு ரொஜே லாபேபி என்ற வீரர் அந்தப் பொறியுடனே வெற்றி பெற்றார்.

சேற்றிலும் புல்லிலும் ஓட்டும் சைக்ளோகிராஸ் என்ற பந்தயம் ஐரோப்பாவில் வெகு பிரசித்தம். படிக்கட்டு வந்தால் வண்டியைத் தோளில் தூக்கிக்கொண்டு ஓடுவார்கள்! அந்த வண்டிக்குச் சாமான் வாங்குகிறவர்கள் இன்றும் தலையைச் சொறிகிறார்கள். முன்னால் 40 பல் சக்கரம் ஒன்று போதுமா, இரண்டு வேண்டுமா? ஒன்று என்றால் சேறு அடைக்கும் இடம் குறைவு, பழுதும் குறைவு. இரண்டு என்றால் காலுக்கு ஏற்ற அளவு அதிகம் கிடைக்கும். பின்னால் பெரிய பல்சக்கரம் 32 பல்லா, அதற்கும் மேலா? அவரவர் ஊர் மேட்டையும் அவரவர் காலையும் பார்த்தே முடிவு செய்கிறார்கள்.

அந்தக் கணவாயின் உச்சியில் வெலோசியோவுக்கு நினைவுச் சின்னம் இருக்கிறது. 1922-ல், அவர் உயிரோடிருந்தபோதே, அவர் பெயரால் அந்த மேட்டில் சைக்கிள் ஏறும் விழா தொடங்கியது. அவர் மறைந்த பிறகும் கிழவர்கள், பெண்கள், பிள்ளைகள் என்று பலரும் வந்து ஏறினார்கள். எல்லாரும் கியர் வண்டியில்தான்.