கதீஜா அம்மையார்

சிதம்பரத்திற்குக் கிழக்கே, வெள்ளாறு கடலோடு கலக்குமிடத்தில் அமைந்தது பரங்கிப்பேட்டை. இன்றைய கடலூர் மாவட்டத்தைச் சேர்ந்த இப்பழந்துறைமுகத்தில் மரக்காயர்கள் கடல்வாணிகத்தில் சிறந்து விளங்கினர். வள்ளல் சீதக்காதிக்குப் பின் உமறுப்புலவரை ஆதரித்துச் சீறாப்புராணம் தொடரத் துணைநின்ற அபுல்காசிம் மரக்காயர் இவ்வூரினரே. வணிகர் ஆதரித்த அக்காப்பியத்தில், வணிகம் செய்த பெண்மணி ஒருவர் கனவு காண்பதும் மணம் புரிவதும் தனிப் படலங்களாகப் பாடப்பட்டுள்ளன. அவரே கதீஜா அம்மையார்.

மக்கா நகரில், குறைஷிக் குலத்துக் குவைலிதின் மகளாகப் பிறந்தவர் கதீஜா. அக்கால அரபு நாட்டில் பெண்மகவை உயிரோடு புதைக்கும் கொடுமை சில குலங்களில் இருந்தது. கணவனை இழந்தவளையும் குடும்ப உடைமையாகக் கருதி உறவினர் உரிமை கொண்டாடியதுண்டு. கணவரை இழந்த கதீஜாவோ தம் செல்வத்தைத் தாமே ஆண்டார். நம்பிக்கைக்குரியவர்களிடம் சரக்கை ஒப்படைத்து, அவர்களுக்குரிய பங்கை அளித்து வாணிகம் நடத்தினார்.

நேர்மையாளர் எனப் பெயர்பெற்ற முகம்மது அவர்களை அவ்வாறே சிரியாவிற்கு அனுப்பினார். பணியாள் மைசராவும் உடன் சென்றார். மிகுந்த இலாபத்தோடு, முகம்மது அவர்களின் பண்புநலம் குறித்து மைசரா கூறிய நற்சான்றும் வந்து சேர்ந்தது. மண விருப்பத்தை முதலில் தெரிவித்தவர் கதீஜாவே. அப்போது அவருக்கு 40 வயது, முகம்மது அவர்களுக்கு 25 வயது என்பது மரபுவழிச் செய்தி.

பிற்காலத்தில் மகள், மனைவி, தாய் ஆகியோர்க்குரிய வாரிசுப் பங்கைக் குர்ஆன் வரையறுத்தது. மகளின் பங்கு மகனின் பங்கில் பாதியே எனினும், பெண்ணுக்குச் சொத்தே இல்லையென்ற நிலை மாறியது. மணமகன் அளிக்கும் மஹரும் மணமகளின் உடைமையாயிற்று. இவ்விதிகள் தோன்றுமுன்பே சொத்துரிமையோடு வாழ்ந்தவர் கதீஜா.

கி.பி. 610இல் ஹிரா குகையில் இறைச்செய்தி பெற்று நடுங்கித் திரும்பிய நாயகத்தைப் போர்வையால் போர்த்தித் தேற்றியவரும், அவரை முதலில் நம்பியவரும் அம்மையாரே. பின்னர்க் குறைஷியர் நாயகத்தின் குடும்பத்தாரை விலக்கிவைத்து, அவர்களோடு கொடுக்கல் வாங்கலையும் மண உறவையும் தடுத்தனர். சிரியாவிற்குச் சரக்கு அனுப்பிய அம்மையார், உடன்பிறந்தாரின் மகன் ஹகீம் மறைவாகக் கொண்டுவந்த கோதுமையை எதிர்நோக்கி இருக்க நேர்ந்தது. ஏறத்தாழ மூன்றாண்டுகள் நீடித்த அத்துன்பம் நீங்கிய சிறிது காலத்தில், 619இல், அவர் மறைந்தார்.

அவர் வாழ்ந்தவரை நாயகம் வேறு மணம் செய்யவில்லை. அவர் மறைந்து ஆண்டுகள் பல கடந்த பின்னரும், வீட்டில் ஆடு அறுக்கப்படும்போது அதில் ஒரு பங்கைக் கதீஜாவின் தோழியர் வீடுகளுக்கு அனுப்பிவைப்பது நாயகத்தின் வழக்கமாக இருந்தது.