சிசு மரணத்துக்குக் கணக்குக் கேட்ட அம்மையார்

1889ஆம் வருஷம் மே மாதம் 31ந் தேதி, அமெரிக்காவில் பென்ஸில்வேனியா மாகாணத்திலுள்ள ஜான்ஸ்டவுன் என்னும் எஃகுத் தொழில் நகரத்துக்கு மேலேயிருந்த அணை உடைந்து, 2,200க்கும் அதிகமான ஜனங்கள் மாண்டனர். தேசமே கண்ணீர் வடித்தது. ஆனால், அதே ஊரில் ஆண்டுதோறும் மடிந்துவந்த கைக்குழந்தைகளுக்காக அழுதவர் பெற்றோரன்றி வேறு யார்? அம்மரணங்களுக்கும் காரணம் உண்டு, அதை ஆராய்ந்தறிவது சர்க்காரின் கடமை என்று நிலைநாட்டியவர் ஜூலியா லாத்ராப் அம்மையார்.

அம்மையார் 1858ல் இல்லினாய் மாகாணத்து ராக்போர்டில் பிறந்தார். தந்தையார் வக்கீல், அமெரிக்கக் காங்கிரஸ் சபையில் அங்கத்தினராயிருந்தவர். அம்மையார் 1880ல் வாஸர் கலாசாலையில் பட்டம் பெற்றார். தந்தையாரின் ஆபீஸில் சில காலம் வேலை பார்த்தபின், சிகாகோவில் ஜேன் ஆடம்ஸ் அம்மையார் ஏழைகளிடையே நடத்திவந்த ஹல் ஹவுஸில் சேர்ந்தார். 1899ல் அந்நகரில் சிறுவர் நியாயஸ்தலம் ஏற்பட உழைத்தவர்களில் அவரும் ஒருவர். 1912ல் மத்திய சர்க்கார் குழந்தைகள் நல இலாகாவை அமைத்தபோது, ஜனாதிபதி டாப்ட் அவரையே அதன் தலைவராக நியமித்தார். ஸ்திரீகளுக்குத் தேசமெங்கும் வோட்டுரிமை கிடைத்தது 1920ல்தான் என்பதை நினைத்தால், இந்நியமனத்தின் பெருமை விளங்கும்.

இலாகாவின் முதல் ஆராய்ச்சிக்கு அவர் தேர்ந்த ஊர் ஜான்ஸ்டவுன். 1911ல் பிறந்த குழந்தைகளின் ஜாபிதாவைக் கொண்டு, இலாகாவின் ஸ்திரீகள் வீடு வீடாகச் சென்று தாய்மாரை விசாரித்தனர். இறந்த குழந்தைகளைப் பற்றி மட்டுமல்ல, பிழைத்தவற்றைப் பற்றியும் கேட்டனர். அப்படிக் கேட்டதனாலன்றோ வித்தியாசம் புலப்பட்டது!

ஆயிரம் குழந்தைகளில் 134 ஒரு வயது நிறையுமுன் இறந்திருந்தன. தகப்பனாரின் வருஷ சம்பாத்தியம் 521 டாலருக்குக் குறைந்த வீடுகளில் இத்தொகை ஏறக்குறைய 256. 1,200 டாலரும் அதற்கு மேலும் வருமானமுள்ள வீடுகளில் 84. சாக்கடை வசதியற்ற, சேறு நிறைந்த தெருக்களையும் அறிக்கை சுட்டிக் காட்டிற்று. தாய்மாரின் அறியாமையே சகலத்துக்கும் காரணம் என்று கூறித் திருப்தியடைந்திருந்த கனவான்களுக்கு இது தக்க பதிலாயிற்று. கூலியும் சாக்கடையும் எந்தத் தாயின் கையிலிருந்தன?

பிறப்பையே பதிவு செய்யாத ஊரில் இறப்புக்குக் கணக்கு ஏது? ஆதலால் பிறப்புப் பதிவுக்கும் அம்மையார் பெருமுயற்சி செய்தார். தாய் சேய் நலத்துக்காக மாகாணங்களுக்குப் பொருளுதவி அளிக்கும் ஷெப்பர்டு-டவ்னர் சட்டம், அவர் பதவி விலகிய 1921ஆம் வருஷத்திலேயே நிறைவேறிற்று. வைத்தியர் சங்கத்தாரின் எதிர்ப்பினால் 1929ல் அச்சட்டம் கைவிடப்பட்டதை அவர் கண்ணாலேயே காண நேர்ந்தது. 1932ல் அவர் காலஞ்சென்றார்.

சட்டம் மாண்டது, விசாரணை முறை மாளவில்லை. குழந்தை மரணங்களை ஒவ்வொன்றாக ஆராய்வது இன்று பல நாடுகளில் வழக்கமாகியிருக்கிறது. ஆனால், மகவை இழந்த தாயைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்துவது விசாரணையாகாது. அறிக்கையைக் கட்டிப் பரணில் வைப்பது பரிகாரமுமாகாது. அடுத்த குழந்தை பிழைக்க ஊரார் செய்ய வேண்டியது யாது என்று கேட்டு, அதைச் செய்து முடிப்பதே அம்மையாருக்கு நாம் செலுத்தும் மரியாதையாகும்.