மகேஷ் சந்திரர் ஆடிய ஆட்டங்கள்

பவானிபூருக்குச் சற்று வடக்கே, கோர்க்கி சதனில் அலெகைன் சதுரங்கக் கழகம் உள்ளது. அங்குப் பயிலும் சிறுவர்கள் ‘இந்தியத் தற்காப்பு’ என்னும் பெயரைக் கேட்டிருப்பர். அப்பெயருக்குக் காரணமானவர் இதே நகரில் ஆடிய மகேஷ் சந்திர பானர்ஜி ஆவார்.

அவர் வங்கத்துச் சிற்றூர் ஒன்றில் வாழ்ந்தவர். தம் ஊரில் எவரிடமும் தோற்றறியாதவர் எனப் பெயர் பெற்றிருந்தார். 1848ஆம் ஆண்டில் கல்கத்தாவைச் சேர்ந்த சதுரங்க ஆர்வலர் ஒருவர் அவரைக் கண்டு, நகருக்கு அழைத்து வந்தார். அங்கு அவருக்கு எதிரில் அமர்ந்தவர் ஜான் காக்ரேன் என்னும் ஸ்காட்லாந்து வழக்கறிஞர். 1822ஆம் ஆண்டிலேயே சதுரங்கம் பற்றி நூல் எழுதியவர். ஐரோப்பிய வல்லுநர்களுடன் ஆடிப் பழகியவர்.

மகேஷ் சந்திரர் அறிந்தவை நம் நாட்டு விதிகள். அவ்விதிகளின்படி, சிப்பாய் தன் முதல் நகர்விலும் ஒரு கட்டமே செல்லும். ஐரோப்பிய முறையில் கோட்டை கட்டுவது அவருக்குப் புதிது. அவற்றையெல்லாம் அவர் வளர்ந்த பின்னரே கற்றார். காக்ரேனுடன் ஆண்டுக்கணக்கில் நூற்றுக்கும் மேற்பட்ட ஆட்டங்கள் ஆடினார். பெரும்பாலானவற்றில் வென்றவர் காக்ரேனே. ஆயினும் மகேஷ் சந்திரர் தம் பழைய பழக்கத்தை முற்றிலும் கைவிடவில்லை. நடுக்கட்டங்களில் சிப்பாய்களைக் குவிக்காமல், குதிரையின் வரிசையிலுள்ள சிப்பாயை ஒரு கட்டம் நகர்த்தி, அதன் பின்னே மந்திரியை நிறுத்தி, தொலைவிலிருந்தே நடுக்களத்தைத் தாக்கினார். அக்காலத்து ஐரோப்பியருக்கு இது விந்தையாகத் தோன்றியதில் வியப்பில்லை.

காக்ரேன் இவ்வாட்டங்களின் நகர்வுகளை எழுதிவைத்தார். அவற்றுட் பல லண்டன் சதுரங்க இதழில் அச்சாயின. மகேஷ் சந்திரரின் வாழ்வு இன்று நமக்குக் கிட்டுவது பெரிதும் இந்நகர்வுக் குறிப்புகளின் வாயிலாகவே.

1855 மே மாதத்தில் நிகழ்ந்த ஆட்டம் ஒன்று குறிப்பிடத்தக்கது. கறுப்புக் காய்களுடன் ஆடிய மகேஷ் சந்திரர் மூன்றாம் நகர்வில் அரசியின் முன்னுள்ள சிப்பாயை இரு கட்டம் செலுத்தினார். ஆஸ்திரியாவின் எர்ன்ஸ்ட் குருன்ஃபெல்டு 1922ஆம் ஆண்டில் இம்முறையை ஆடியபின், அது அவர் பெயராலேயே வழங்கலாயிற்று. கல்கத்தா ஆட்டமோ அதற்கு 67 ஆண்டுகள் முந்தியது!

அவ்வாட்டத்தில் மகேஷ் சந்திரர் தோற்றார். வெள்ளைக் குதிரை அவருடைய அரசனுக்கு அருகே பாய்ந்தபோது, அவர் தம் குதிரையை ஓரத்துக்கு நகர்த்தி எதிரியின் அரசியைத் தாக்கினார். அதன்பின் மூன்றே நகர்வுகளில், தன் காய்களாலேயே அடைபட்ட அரசனுக்கு முற்றுகை உறுதியாயிற்று. அதற்குக் காக்ரேன் தம் அரசியையே பலியிட வேண்டும்.

இவ்வாட்டத்தைப் பயில விரும்புவோர் பலகையில் காய்களை அடுக்கி, எழுதிய நகர்வுகளைத் தாளால் மறைத்துக்கொள்க. ஒவ்வொரு முறையும் கறுப்பின் நகர்வை முதலில் தாமே எண்ணி, பிறகு தாளை விலக்கி ஒப்பிடுக. பதினெட்டாம் நகர்வில் சிறிது நேரம் நிற்க. அங்கே குதிரையை ஓரத்துக்கு அனுப்பாமல் வேறு எதை ஆடியிருக்கலாம்?