எம்.கே.டி.யின் உயிரைப் பறித்த கல்லீரல் நோய்: உடலின் ரத்த ஓட்டத்தை அது எப்படிக் குலைக்கிறது?

1959 நவம்பர் 1. சென்னை அரசு பொது மருத்துவமனையில் எம்.கே.தியாகராஜ பாகவதர் காலமானார். வயது 49தான். காரணம் கல்லீரல் நோய். உடல் திருச்சிக்குக் கொண்டுவரப்பட்டு சங்கிலியாண்டபுரத்தில் அடக்கம் செய்யப்பட்டது.

பிறந்தது மாயவரம் என்றாலும் பாகவதர் திருச்சிக்காரர்தான். பொற்கொல்லர் குடும்பத்துப் பிள்ளை. அவர் குரலைக் கேட்டு மேடையேற்றியவர், ரயில்வே அதிகாரியாக இருந்த எஃப்.ஜி.நடேச அய்யர். திருச்சி ரசிக ரஞ்சன சபாவின் ஹரிச்சந்திரா நாடகத்தில் லோகிதாசன் வேடம். 1934-ல் பவளக்கொடி, 1937-ல் சிந்தாமணி, அம்பிகாபதி என்று வரிசையாக வெற்றி. 1944 தீபாவளிக்கு வந்த ஹரிதாஸ், சென்னை பிராட்வே தியேட்டரில் மூன்று தீபாவளி கண்டது.

ஆனால் அந்தப் படம் ஓடிக்கொண்டிருந்த காலத்தில் பாகவதர் சிறையில் இருந்தார். லட்சுமிகாந்தன் கொலை வழக்கு. லண்டன் பிரிவி கவுன்சில் வரை போய், 1947-ல் விடுதலையாகி வந்தபோது சினிமா மாறிவிட்டிருந்தது. அடுத்தடுத்த படங்கள் பெரிதாக எடுபடவில்லை. சர்க்கரை நோயும் சேர்ந்துகொண்டது.

சரி, கல்லீரல் கெட்டால் உடலுக்குள் என்னதான் நடக்கிறது?

நாள்பட்ட கல்லீரல் நோயின் முற்றிய நிலைதான் சிரோசிஸ். மது மட்டும் காரணமில்லை; மஞ்சள் காமாலை வைரஸ்கள், சர்க்கரை நோயோடு வரும் கொழுப்புக் கல்லீரலும் இங்கே கொண்டுவந்து விடும். மென்மையான கல்லீரல் தழும்பேறி இறுகிப்போகிறது.

குடலிலிருந்தும் மண்ணீரலிலிருந்தும் வரும் ரத்தம் போர்ட்டல் சிரை வழியாகக் கல்லீரலுக்குள் போக வேண்டும். கல்லீரலுக்குக் கிடைக்கும் ரத்தத்தில் ஏறக்குறைய முக்கால் பங்கு இந்த வழியில்தான் வருகிறது. பாதை இறுகியதும் பின்னால் அழுத்தம் ஏறுகிறது. முக்கொம்பில் காவிரி பெருகினால் உபரி நீர் கொள்ளிடத்தில் திரும்பி, ஸ்ரீரங்கத்துக்கு அந்தப் பக்கமாக ஓடுமே, அதுபோல ரத்தமும் மாற்றுப்பாதை தேடுகிறது. ஆனால் கொள்ளிடம் அகலமான ஆறு. ரத்தத்துக்குக் கிடைப்பதோ உணவுக்குழாயில் உள்ள மெல்லிய சிரைகள். அவை புடைத்து, ஒருநாள் வெடித்தால் ரத்த வாந்திதான். மண்ணீரலும் வீங்கி, ரத்தத்தட்டுகள் குறைகின்றன.

இதில் விசித்திரம் வேறொன்று. அழுத்தம் ஏறியதும் நைட்ரிக் ஆக்சைடு போன்ற பொருள்கள் சுரந்து, குடல் பகுதியின் தமனிகள் விரிகின்றன. ரத்தம் அங்கேயே தேங்குகிறது. மற்ற தமனிகளில் நிரப்பு குறைகிறது. கடைமடையில் இருப்பதுபோல சிறுநீரகத்துக்குத் தண்ணீர் வரவில்லை என்ற செய்தி போகிறது. உடனே அது ஆல்டோஸ்டிரோன் முதலிய ஹார்மோன்களின் உந்துதலில் உப்பையும் நீரையும் வெளியே விடாமல் பிடித்துவைக்கிறது. மொத்த ரத்த அளவு கூடுகிறது, ஆனால் வேண்டிய இடத்தில் பற்றாக்குறை தீர்வதில்லை. இதயம் வேகமாக அடிக்க, ரத்த அழுத்தமோ இறங்குகிறது.

கல்லீரல் தயாரிக்கும் ஆல்புமின் புரதமும் குறைவதால் நீர் கசிந்து வயிற்றில் சேர்கிறது, கால் வீங்குகிறது. வயிறு பெருத்தும் கை, தோள் மெலிந்தும் இருக்கும் நோயாளியைப் பார்த்தால் இது புரியும். முற்றினால் சிறுநீரகமே செயலிழக்கும். அதனால்தான் உப்பைக் குறைக்கச் சொல்கிறார்கள். மூட்டுவலிக்கு மருந்துக்கடையில் கேட்டு வாங்கும் டைக்ளோஃபெனாக் மாத்திரைகூட இவர்களின் சிறுநீரகத்தைச் சாய்த்துவிடலாம். கருப்பாக மலம் போனாலோ ரத்த வாந்தி எடுத்தாலோ விடியும்வரை காத்திருக்கக் கூடாது.

பாகவதர் காலத்தில் இவற்றுக்கு வழி மிகக் குறைவு. மனிதருக்கு முதல் கல்லீரல் மாற்று அறுவை சிகிச்சையே 1963-ல், அமெரிக்காவின் டென்வரில்தான் முயற்சிக்கப்பட்டது. அவர் நடித்த கடைசிப் படமான சிவகாமி, அவர் இறந்த பிறகு 1960-ல் திரைக்கு வந்தது.